கிழிசலியல்: வன்னிப் பெருநிலத்துக் கட்டைக் காற்சட்டை குறித்த ஒரு முன்னாய்வு

அண்ணனின் பழைய ஜீன்ஸை முழங்காலுக்கு மேலே வெட்டினால் தம்பிக்குக் கட்டைக் காற்சட்டை. இதுவரை அறிஞரிடையே பிணக்கில்லை. வெட்டியதைப் பழசாக்குவது எப்படி என்பதிலேதான் துறை சூடுபிடிக்கிறது.

டெனிம் துணியில் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்கு மட்டுமே நீலம். குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. அந்த நீலமும் நூலின் மேற்புறத்தோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. ஆகவே தேய்த்தால் வெளுக்கும். குறுக்காக இரண்டு வெட்டு வெட்டி, இடைப்பட்ட நீல நூல்களை ஊசியால் உருவிவிட்டால் வெள்ளை நூல்கள் மட்டும் மிஞ்சும். கால் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். ஓட்டாதவர் காற்சட்டை, தோய்க்கத் தோய்க்க அரைஞாண்கொடியை நோக்கி ஏறும்.

வெளிநாட்டார் இதற்குப் பட்ட பாடு பெரிது. நுரைக்கல்லோடு இயந்திரத்தில் போட்டு உருட்டினார்கள். காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சினார்கள். அந்த மணற்தூள் தொழிலாளரின் நுரையீரலைத் தின்றதால் துருக்கி 2009 இல் அம்முறையைத் தடைசெய்தது. (இவ்விடத்தில் மட்டும் ஆய்வாளர் பகிடி விடவில்லை.)

வன்னியில் கருக்குமட்டை இருக்க மணல் எதற்கு? பனைமட்டையின் இரு ஓரமும் வாள்பல். தொடைப் பக்கத்தில் நாலு இழுவை போதும். காற்சட்டையைக் கழற்றிவிட்டு இழுப்பது நலம். காவி நிறம் வேண்டுவோர் கிளிநொச்சிச் செம்மண்ணில் ஒரு தரம் விழுந்தெழும்பலாம். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது முழுதாய்ப் போகாது.

ஆயினும் இத்துறையின் முன்னோடி மாடுதான். பொருளாதாரத் தடை இறுகிய 1990களில் சவர்க்காரம் அரிதாக, வடக்கில் சனம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது. கொடியில் காயும் சட்டையில் பனம்பழ வாசம். மாடு வந்து சப்பத் தொடங்கிவிடும். அன்று அதற்குப் பெயர் அநியாயம். இன்று அதே கிழிசலுக்குக் கடையில் கூடுதல் விலை. மாட்டுக்கு ஒரு சதமும் போய்ச்சேரவில்லை.

எதிர்முகாமில் அம்மம்மாமார். பேரன் இரவிரவாக உருவியெடுத்த கிழிசலை, அவன் நித்திரையானதும் ஒட்டுப்போட்டுத் தைத்து, மடித்தும் வைத்துவிடுவார்கள். "இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்திலயும் என்ர பிள்ளையள் கிழிஞ்சது போடேல்லை" என்பது அவர்களின் மூலவாக்கியம். இதற்கு மறுப்புரை எழுத எவரும் முன்வரவில்லை. ஆகவே வேலை முடிந்த காற்சட்டையை அலுமாரியில் வையாதீர்; மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே இடமிருக்கிறது.