அகராதி பிடித்தவர்

எங்கள் குடியிருப்பில் அவரை 'அகராதி பிடித்தவர்' என்பார்கள். இரண்டு அர்த்தத்திலும் சரிதான். கையில் எந்நேரமும் அகராதி இருக்கும். இன்னோர் அர்த்தம், நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் விளங்கிவிடும்.

இந்த இனத்தார் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வங்கியிலோ ரயில்வேயிலோ ஏ.ஜி. ஆபீசிலோ காலமெல்லாம் பிறர் எழுதிய டிராஃப்டைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள். திருத்த டிராஃப்ட் வராமல் போனதும் மனிதர்களைத் திருத்தக் கிளம்பியவர்கள். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா. வீட்டில் முதுகு பிய்ந்த ரென் அண்ட் மார்ட்டின். 'தி ஹிந்து'வில் வந்த 'நோ யுவர் இங்கிலீஷ்' பத்திகளை வெட்டி ஒட்டிய பழைய லெட்ஜர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1985-ல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே பேரம் பேசி வாங்கிய ஒரு தெசாரஸ். அதை 'ரோஜட்' தெசாரஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'ரோஜே.' தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு உங்களுக்குத் தள்ளிப்போகும்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஜென்ம விரோதியாக ஒரு சொல் இருக்கும். ஒருவருக்கு 'பேசிக்கலி', ஒருவருக்கு 'ஆக்சுவலி'. நம்மவருக்கு 'நைஸ்'.

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பையன் லிஃப்டில் இவரைப் பார்த்து, மரியாதைக்கு ஏதாவது சொல்வோமே என்று, "நைஸ் ஷர்ட், சார்" என்றான்.

"நைஸ்னா என்ன தம்பி அர்த்தம்?"

மூன்றாம் மாடி வந்தது. கதவு மூடாமல் காலை நீட்டி வைத்துக்கொண்டார். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்தபோது முட்டாள் என்றுதான் அர்த்தம். பிறகு கூச்சக்காரன் ஆயிற்று, தொட்டதற்கெல்லாம் குறை சொல்பவன் ஆயிற்று, நுணுக்கம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் 'நன்றாயிருக்கிறது' என்கிற இடத்துக்கு வந்து படுத்தது.

"ஆக, என் சட்டை முட்டாள் சட்டைங்கறே?"

"ஐயோ, இல்ல சார். கலர் நல்லாருக்குன்னு..."

"அதைச் சொல்லு! அதுக்கு எத்தனை வார்த்தை இருக்கு!"

பையன் அன்றிலிருந்து படிக்கட்டில்தான் ஏறுகிறான். உடம்புக்கு நல்லது என்று காரணம் சொல்கிறான்.

இந்தச் சண்டையில் அவருக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. ஜேன் ஆஸ்டின். 'நார்த்தேங்கர் ஆபி' நாவலில் ஹென்றி டில்னி, கதாநாயகி கேத்தரின் ஒரு புத்தகத்தை நைஸ் என்பதைக் கேலி செய்வான். அந்த நாவல் 1817 கடைசியில், ஆஸ்டின் இறந்த பிறகு வெளிவந்தது. நம்மவர் அந்தக் காட்சியைச் சொல்லக் கேட்டால், டில்னியும் இவரும் ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர்கள் என்று தோன்றும். டில்னியின் கேலி கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. இவருடைய கேலி, வாட்ச்மேன் மோட்டார் போட ஓடுவதில் முடிகிறது.

இங்கிலீஷ்காரர்களைத் திருத்திவிடலாம். தமிழர்களைத்தான் முடியவில்லை. அவர் வீட்டம்மா மாவு மில்லில் தூக்கை நீட்டி "நல்லா நைஸா அரைப்பா" என்கிறார். எதிர்வீட்டில் மருமகள் மாமியாரை நைஸ் பண்ணிக்கொண்டிருக்கிறாள். வாட்ச்மேன், பால்காரரிடம், "சார் வர்றாரு, நைஸா நழுவிடு" என்று அவர் காதுபடவே எச்சரிக்கிறான். ஒரு சொல்லை வெள்ளைக்காரன் ஐந்நூறு வருஷத்தில் கெடுத்ததற்கு மேல் நாம் ஐம்பது வருஷத்தில் கெடுத்துவிட்டோம் என்பது அவர் கட்சி. நீண்ட யோசனைக்குப் பிறகு மாவுக்கு மட்டும் விலக்கு அளித்தார். நுணுக்கம் என்ற பழைய பொருளுக்கு அது கிட்டத்தில் வருகிறதாம். இதை மில்காரரிடமே நேரில் போய்ச் சொன்னார். "அப்ப கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட்டிக்கலாமா சார்?" என்று கேட்டார் மில்காரர்.

அண்ணாச்சி கடையிலும் ஒரு தகராறு நடந்தது. சர்க்கரை தூவிய அந்தத் தேங்காய் வாசனை பிஸ்கட் இருக்கிறதே, அதன் பெயர் பிரான்சில் உள்ள கடற்கரை நகரத்தின் பெயர், 'நீஸ்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பிடித்த பிடியாக நின்றார். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "நீங்க சொல்ற ஐட்டம் நம்மகிட்ட இல்ல சார். நைஸ்தான் இருக்கு. போடட்டா?"

நம்மவரின் தெசாரஸைத் தொகுத்த ரோஜே, தொழிலால் மருத்துவர். 1805-லேயே சொற்பட்டியல் ஒன்று தயாரித்து வைத்திருந்தவர், ராயல் சொசைட்டியின் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகியபின் அதைத் தூசி தட்டி, 1852-ல், தம் 73-ஆம் வயதில் தெசாரஸாக வெளியிட்டார். "ரிடையர் ஆனப்புறம்!" என்று இதை வீட்டம்மாவிடம் நம்மவர் அடிக்கடி நினைவூட்டுவார். "அவர் வீட்ல கரண்டு பில் யாருங்க கட்டினாங்க?" என்பார் அந்தம்மா. அந்தக் காலத்தில் கரண்டு ஏது என்று விளக்கப் போய், பில் கட்டும் கடைசித் தேதி தாண்டிவிட்டது.

மாடியில் இருக்கும் தமிழாசிரியர்தான் ஒருமுறை அவரை ஆட்டிவிட்டார். "ஒரு பொருளுக்குப் பல பேர் சொல்றதை நம்ம ஆளுங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வெச்சுட்டாங்க சார். சேந்தன் திவாகரம்."

"அகர வரிசையிலா?"

"இல்ல சார். தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கு, மரம், இடம்னு பொருள்வாரியா."

"ரோஜேயும் அப்படித்தானே அடுக்கினார்!"

இரண்டு நாள் யாரையும் திருத்தவில்லை. மூன்றாம் நாள், ரோஜேக்கு மெட்ராசில் யாராவது சிநேகிதர் இருந்திருப்பாரோ என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். இத்தனைக்கும் இவருடைய தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சூடாமணி நிகண்டை உருப்போட்டவர். அந்த ரத்தம்தான் பேன்ட் போட்டுக்கொண்டு லிஃப்டில் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய லெட்ஜரில் 'நைஸ்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் ஓடுகிறது. உணவுக்கு வேறு, உடைக்கு வேறு, வானிலைக்கு வேறு, மனிதருக்கு வேறு என்று கட்டம் போட்டு மாற்றுச் சொற்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் யார்மேலும் செலவழித்து நான் பார்த்ததில்லை. வீட்டம்மா வைத்த வத்தக்குழம்பின் வாசனைக்கு இரண்டாம் மாடியே சோற்றுத் தட்டோடு வந்து நிற்கும். இவர் மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சொல்வது, "உப்பு ஓகே."

போன மாதம் பேத்திக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: நைஸ் என்பதற்கு ஒரு மாற்றுச் சொல் எழுதுக. ஆறாம் வகுப்பு. குழந்தை தெரியாத்தனமாகத் தாத்தாவிடம் போய் நின்றது. விடிய விடிய நடந்தது. குழந்தையின் விடையில் பத்தொன்பது சொற்களும், சாசர் காலத்துப் பொருளுக்கு ஓர் அடிக்குறிப்பும் இருந்தன. டீச்சர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பக்கத்தில் 'குட்' என்று சரியான விடையை எழுதியனுப்பினார்.

தாத்தா பள்ளிக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார். ஒரே வாரத்தில் பதில் வந்துவிட்டது. தங்கள் கடிதம் கிடைத்தது, வெரி நைஸ் லெட்டர் என்று ஒரே வரி, கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

அந்தப் பதிலையும் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு மூன்று மார்க் போட்டு, சுய முகவரியிட்ட உறையோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்.