பிளாங்க் நடுவே நகைக்கடை

இன்று காலை ஆறேகால் மணி. முழங்கைகள் தரையில், கால் கட்டைவிரல்கள் தரையில், நடு உடம்பு அந்தரத்தில். போனில் உடற்பயிற்சி டீச்சர் சிரித்த முகம் மாறாமல் "தர்ட்டி செகண்ட்ஸ், அப்படியே ஹோல்ட் பண்ணுங்க" என்கிறார். மூலையில் வட்டக் கடிகாரம் முப்பதிலிருந்து இறங்குகிறது. பதினெட்டில் அவர் காணாமல் போனார். நாதஸ்வரம் கேட்டது. பட்டுப்புடவையில் ஒரு மணப்பெண் படியிறங்கி வந்து, கழுத்தைத் தொட்டுக் காட்டி, செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்றாள். சேதாரம் இல்லையாம். என் முழங்கையைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

முழங்கால் வலிக்காரர்கள் எந்த வீடியோவைப் போட்டுச் செய்யலாம், எதன் பக்கமே போகக்கூடாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நண்பர்கள் கேட்டிருந்தார்கள். வருகிறேன். அதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகம் தீர்ந்தாக வேண்டும். விளம்பரம் ஓடுகிற நேரம் கணக்கில் சேருமா, சேராதா?

சின்ன விஷயமில்லை இது. டீச்சரின் கடிகாரம் பதினெட்டில் நின்றுவிட்டது. எனக்கோ நேரம் நிற்கவில்லை, தோள் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. மணப்பெண்ணுக்கு மாப்பிள்ளை தாலி கட்டி, மாமியார் கண் கலங்கி, கிளைகள் எந்தெந்த ஊரில் என்று சொல்லி முடியும்வரை தாக்குப்பிடித்தால், கடிகாரம் மறுபடி பதினெட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. நேர்மையானவனுக்கு இரட்டைத் தண்டனை. சரி, அதுவரை குப்புறப் படுத்துக்கொள்ளலாம் என்றால், திரும்பி வந்த டீச்சர் எடுத்த எடுப்பில் "சூப்பர், சூப்பர், விட்டுடாதீங்க" என்கிறார். பாயில் முகம் புதைத்தபடி அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்கிப் பண்ணலாமே என்பீர்கள். எதால்? கை இரண்டும் என்னைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருக்கும் டீப்பாய் மேல் சாய்வேன். அப்படியே எடுத்தாலும், வேர்த்த விரலை இந்தப் போன் விரலாகவே மதிப்பதில்லை. தேய்த்தால் ஒளியைக் கூட்டுகிறது, அழுத்தினால் சத்தத்தைக் கூட்டுகிறது. மிச்சம் இருப்பது மூக்கு. மூக்கு வேலை செய்கிறது, ஆனால் அதற்குக் குறி பத்தாது. ஸ்கிப்புக்குப் பக்கத்திலேயே 'மேலும் அறிய' என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், என் மூக்கு அதை அறிந்துகொண்டது. கடையின் பக்கம் திறந்து, நகைச் சீட்டில் சேர போன் நம்பர் கேட்டது. சொம்பில் சாய்த்து வைத்திருந்த போன் சரிந்து விழுந்தது. நாதஸ்வரம் மட்டும் தரைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுப்படியிலிருந்து குரல்: "என்னாங்க, காலங்காத்தால நகைக்கடை? யாருக்கு?"

"யாருக்கும் இல்லம்மா. பிளாங்க்."

"பிளாங்க்கா? அது என்னா மாடலு?"

விளம்பரம் எப்போது வரும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கை சும்மா தொங்கும் வார்ம்-அப்பில் ஒருபோதும் வராது. ஸ்குவாட்டில் பாதி உட்கார்ந்திருக்கும்போது பிரியாணி வரும். ஆவி பறக்கும், முட்டை உருளும், நாம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குனிந்து பாதத்தைத் தொடப் போகையில் தனிநபர் கடன். இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். சவாசனத்தில் கை வைக்கலாமா? கண்ணை மூடியாயிற்று. புல்லாங்குழல். "உள்ளங்கால் தளர்கிறது, கெண்டைக்கால் தளர்கிறது" என்று தாலாட்டாக ஒரு குரல். தாடை தளரும் கட்டத்தில், இரண்டு பங்கு சத்தத்தில், குத்துப்பாட்டோடு டி.எம்.டி. முறுக்குக் கம்பி. எத்தனை மாடி கட்டினாலும் தாங்குமாம். பிணமாகக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்ற பையன் சிரித்ததில் நுரை பாயெல்லாம்.

இது யாரோ தெரியாமல் செய்கிற வேலையில்லை. எட்டு நிமிடத்தைத் தாண்டிய வீடியோ என்றால் நடுவிலும் விளம்பரம் செருகலாம் என்று 2020-இல் யூடியூபில் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் பத்து நிமிடம் தாண்ட வேண்டும். இது தெரிந்த பிறகுதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. 2013-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் இதழ் ஒன்றில் ஒரு பயிற்சி முறை வந்தது: பன்னிரண்டு பயிற்சிகள், தலா 30 வினாடி, நடுவில் 10 வினாடி ஓய்வு, வேண்டியது ஒரு சுவரும் நாற்காலியும். 'ஏழு நிமிடப் பயிற்சி' என்று உலகமெல்லாம் பரவியது. நம்மவர்கள் கையில் அது ஏழு நிமிடத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை. வணக்கம் பிரெண்ட்ஸ், போன வீடியோவுக்கு நீங்க குடுத்த ஆதரவுக்கு நன்றி, அந்த மணியை அமுக்கிடுங்க, நேத்து எனக்குக் கொஞ்சம் சளி. எட்டு நிமிடம் தாண்டியாக வேண்டுமே, பாவம். இந்தச் சளி முடிவதற்குள் எனக்கு வார்ம்-அப் பண்ணிய சூடும் ஆறிவிடுகிறது.

இலவசத்தைப் பழிக்கிறவன் இல்லை நான். பழிக்கவும் முடியாது, எங்கள் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867-இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எத்தனையோ முறை அங்கே சாப்பிட்டிருக்கிறேன். சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கையைப் பிடித்து நிறுத்தி, "ஐந்து வினாடி கழித்து நீங்கள் இதைத் தவிர்க்கலாம்" என்று யாரும் சொன்னதில்லை. இலவசம் என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான். பிடிக்காவிட்டால் மாதச் சந்தா கட்டு, விளம்பரம் வராது என்கிறார்கள். அதையும் விளம்பரமாகத்தான் சொல்கிறார்கள். "கட்டித் தொலைங்களேன்ப்பா" என்கிறான் பையன். ஏன் கட்ட வேண்டும்? காசு கொடுத்தா வேர்க்க வேண்டும்? குறிஞ்சிப்பாடியில் சித்திரை பிறந்தால் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்க்கிறது.

1982-இல் நடிகை ஜேன் ஃபோண்டா உடற்பயிற்சி வீடியோ கேசட் போட்டபோது ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். வாங்கிய பிறகு நடுவில் யாரும் படியிறங்கி வரவில்லை. ஊரடங்கு வந்த 2020 மார்ச்சில் ஜோ விக்ஸ் என்ற ஆங்கிலேயர் பிள்ளைகளுக்காகத் தன் வீட்டுக் கூடத்திலிருந்து நேரலையில் குதித்தார். ஒரே நாளில் ஒன்பதரை லட்சத்துக்கு மேல் இணைப்புகள் என்று கின்னஸில் ஏறியது. அந்தக் கூடத்தை நானும் பார்த்தேன். குறுக்கே ஒரு ஆள் வரவில்லை. கட்டில் இல்லை, பீரோ இல்லை, காயப்போட்ட வேட்டி இல்லை. 'வீட்டில் இருக்கும் பொருள்களே போதும்' என்கிற இவர்கள் வீட்டில் பொருளே கிடையாது.

ஆடையைப் பற்றியும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கைத்தறிக் கைலிக்குப் பேர்போன ஊர்க்காரன் கைலியோடுதானே தொடங்குவேன்? காலைப் பக்கவாட்டில் தலைக்கு நேராகத் தூக்குங்கள் என்கிறார் ஒருவர். சிதம்பரத்தில் ஆடவல்லான் அப்படித் தூக்கியபோது, எதிரே போட்டி போட்ட காளியே ஆட்டத்தை விட்டுக்கொடுத்துத் தில்லை எல்லைக்குப் போய்விட்டாள் என்பது தலபுராணம். காளி பின்வாங்கிய இடத்துக்கு இவர் வைத்திருக்கும் பெயர் 'பிகினர்ஸ் லெவல்'.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனவர். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியை மனவளக்கலை மன்றத்தில் கற்றுக்கொண்டு தினமும் திண்ணையில் செய்கிறார். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, மகராசனம் என்று வரிசை பிசகாது. போன் கிடையாது, தானே எண்ணிக்கொள்வார். 1911-இல் கூடுவாஞ்சேரியில் பிறந்த மகரிஷி நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை, ஏதோ சம்பந்தி முறை போல.

இன்று நகைக்கடையிலிருந்து தப்பி வாசலுக்கு வந்தவனை அவர் பார்த்துவிட்டார். "தம்பி, இங்க வா. அந்தப் பொட்டியப் பாத்துக் குதிக்காதேன்னு எத்தினி வாட்டி சொல்றது? முட்டி போயிடும். ஞாயித்துக்கெழம மன்றத்துக்கு வா" என்று ஆரம்பித்தார். இடுப்பு எப்படிப் போனது, எந்த டாக்டர் என்ன சொன்னார், மகரிஷியின் ஆழியாறு ஆசிரமத்துக்குப் போய்வந்த கதை, மகராசனம் பாகம் ஒன்று, பாகம் இரண்டு. அடுப்படியில் காபி ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள். ஒரு காலை வாசப்படியில் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வினாடி எப்போதோ கடந்துவிட்டது.