நெய்யரியும் நோஷனும்: ரொறன்ரோ மாணாக்கர் குறிப்பெடுக்கும் இயல்

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் மாணாக்கரை எட்டு உவமைக்குள் அடக்கிவிட்டார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடை. 13ஆம் நூற்றாண்டுக்காரரான அவருக்கு மிலிற்றரி ரெயில் வீதியிலுள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரும் இன்று அங்கேதான் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், குறிப்பெடுக்கும் செயலி கைக்கு வந்தபின் அவர்கள் கதி என்னவாயிற்று என்று உணர்த்துதல் நுதலிற்று.

முதலில் பசு. கண்ட இடத்தில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டுப் பிறகு ஆறுதலாக அசைபோடுவது அதன் இலக்கணம். செப்ரெம்பர் முதல் வாரம் பல்கலைக்கழகத்தின் குவெர்க்கஸ் தளத்தில் பாடத்திட்டம் ஏறியதும், உயிரியல் படிக்கும் பிள்ளை நோஷன் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் புதுப் பக்கம் திறக்கிறாள். மேலே மழை பெய்யும் யப்பானியத் தெருவொன்றின் முகப்புப் படம். உயிரியலுக்குத் தவளை, வேதியியலுக்குக் குடுவை, புள்ளியியலுக்கு அழுகிற முகம் என்று பாடத்துக்கொரு குட்டிச் சின்னம். அதன்கீழே 'தொடங்கவில்லை', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று மூன்று பத்தி. 'முடிந்தது' இளம்பச்சையா கடும்பச்சையா என்பதிலேயே ஓர் இரவு கழிகிறது. அறை வாசலில் தாயார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"நோட்ஸ் ஓகனைஸ் பண்ணுறன் அம்மா."

"அப்ப படிச்சு முடிச்சிட்டியோ?"

"ஐயோ அம்மா, இப்பதானே ஓகனைஸ் பண்ணுறன்!"

இங்கேதான் இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இருக்கிறது. ஒழுங்குபடுத்தி முடித்த பிள்ளைக்கு, படித்து முடித்த அதே களைப்பு வருகிறது. இரண்டு களைப்பும் ஒன்றுபோலவே இருப்பதால் உடம்புக்கு வித்தியாசம் பிடிபடுவதில்லை. அது போய்ப் படுத்துவிடுகிறது. அசைபோடுதல் டிசெம்பருக்குத் தள்ளிப்போகிறது. பவணந்தியார் காணாத ஒன்பதாம் வகை இது: தண்ணீர் வார்க்குமுன் குடத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டே இருப்பவர்.

அடுத்தது ஆடு. ஒரு செடியில் நின்று மேயாது; தழை நுனி கடித்துத் தாவும். 2008இல் பொதுமக்களுக்கு வந்த எவர்நோட்தான் பலருக்கு முதற்செடி. மிலான் நகரத்து நிறுவனம் ஒன்று அதை வாங்கியபின், 2023 டிசெம்பரில் இலவசக்காரருக்கு மொத்தம் 50 குறிப்பு, ஒரேயொரு கொப்பி என்று கட்டளை பிறந்தது. யாழ்ப்பாணத்தில் ஒன்பது பாடத்துக்கு ஒன்பது கொப்பி உறைபோட்டு வைத்திருந்த தலைமுறைக்கு இது விளங்கவே விளங்காது. ஆடு நோஷனுக்குத் தாவியது. அது இணையமில்லாமல் ஒழுங்காக வேலைசெய்ய 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை சுரங்க ரயிலில் சமிக்ஞை போனால் அரைப் பாடமும் கூடவே போனது. எனவே ஒப்சிடியன். இது நம்மூர்ச் சரக்கு என்பதில் ஒன்ராறியோக்காரருக்கு ஒரு பெருமை உண்டு: வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த ஷிடா லி, எரிக்கா சூ இருவரும் 2020இல், பெருந்தொற்றால் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த காலத்தில் வெளியிட்டது. குறிப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே கிடக்கும். ஒரு குறிப்பை இன்னொன்றோடு இணைத்தால் இரண்டு புள்ளிக்கிடையே கோடு விழும். இணைக்க இணைக்கத் திரையில் ஒரு நட்சத்திர மண்டலமே விரிகிறது. அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் படிப்புக் கணக்கில்தான் சேருகிறது. ஒவ்வொரு தாவலிலும் பழைய குறிப்புகளைப் புதுச் செயலிக்கு ஏற்றி இறக்க வேண்டும். அந்த வார இறுதியில் எவரும் எதையும் வாசிப்பதில்லை.

ஓட்டைக் குடத்துக்கு உண்மையான ஆய்வே இருக்கிறது. முல்லர், ஒப்பன்ஹைமர் என்ற இருவர் 2014இல் வெளியிட்டார்கள்: மடிக்கணினியில் குறிப்பெடுப்போர் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் இறக்கிவிடுகிறார்கள், விளக்கம் கேட்கும் வினாக்களில் பேனாக்காரரிடம் தோற்கிறார்கள். வேறு சிலர் அதே சோதனையைத் திரும்பச் செய்து 2019இல் வெளியிட்டபோது வித்தியாசம் அத்தனை துலக்கமாக வரவில்லை. ஓட்டை குடத்திலா தண்ணீரிலா என்ற வழக்கு நிலுவையில் இருக்கிறது.

கிளி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விரிவுரைத் திரையைக் கைபேசியில் படம் பிடிப்பதோடு அதன் தொழில் முடிந்தது. உழுதவன் பாடுபட்ட அளவுக்கே மண் விளைவு தருமாதலால், மாதச் சந்தா வாங்கும் எந்தச் செயலியும் அந்த உவமையை விளம்பரத்தில் சேர்க்கவில்லை.

எருமை இறங்கிக் குளத்தைக் கலக்குவதைக் காண விரும்புவோர், இரவு 11:59க்கு ஒப்படைக்க வேண்டிய குழுக் கட்டுரையின் கூகிள் டொக்ஸ் பக்கத்தை 11:40க்குத் திறந்து பார்க்கவும்.

நெய்யரி, நெய்யை விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் வடிகட்டி. இக்காலத்தில் அது செயற்கை அறிவோடு பிறந்திருக்கிறது. விரிவுரையைக் கேட்டுத் தானே எழுதித் தரும் செயலி, "பின்வரிசைக்குக் கேட்கிறதா", "இது சோதினைக்கு வராது", இருமல் இரண்டு ஆகியவற்றைப் பிசகாமல் பதிந்திருந்தது. கரும்பலகையில் மௌனமாக எழுதப்பட்ட சமன்பாடு மட்டும் வழிந்து போயிருந்தது. எழுநூறு ஆண்டுக்கு மேலாகியும் உவமை ஒரு மயிரிழை விலகவில்லை.

இனித் தடை. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 குறிப்பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்தே பெரும் அறிஞரானாரே என்று ஒப்சிடியன் அன்பர்கள் கேட்பர். விடை: அவர் அட்டைகளைக் கையால் எழுதினார், எழுதுமுன் வாசித்தும் இருந்தார். நம் பிள்ளைகள் அட்டை அடுக்கும் பெட்டியை மட்டும் இறக்கிக்கொண்டார்கள்.

எஞ்சியது அன்னம், நீரைப் பிரித்துப் பாலை உண்பது. அப்படியும் ஒருவர் உண்டு. அவரிடம் செயலி இல்லை, கொப்பியும் இல்லை. சோதினைக்கு முதல்நாள் இரவு, "மச்சான், நோட்ஸ் லிங்க் அனுப்படா" என்று எல்லோருக்கும் ஒரு செய்தி போடுவார். வந்து குவிந்த நட்சத்திர மண்டலங்களிலிருந்து இரண்டு பக்கம் மட்டும் எடுத்து, ரிம் ஹோர்ட்டன்ஸ் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு போய், ஏ வாங்கிவிடுவார். அவரது முறையை விரிவாகக் கேட்டறிய வகுப்பு வாசலில் காத்திருந்தோம். வகுப்புக்கு வருவது அவர் முறையில் இல்லையாம்.