இரண்டாம் வண்டி இலக்கணம்: ஐந்திணை நோக்கில் ஓர் ஆய்வு

ஏற்கெனவே ஒரு கார் உள்ள வீட்டில் இரண்டாவதாக ஒரு பழைய காரை வாங்கும் நோக்கங்கள் மூன்று: பிள்ளைகளைப் பள்ளியில் விடுதல், மழை நாளில் காய்கறி வாங்குதல், முதல் காரில் கீறல் விழாமல் காத்தல். மூன்றாவது மட்டுமே மூலபாடம் என்றும், முதலிரண்டும் வீட்டில் அனுமதி வாங்குவதற்காகச் செருகப்பட்டவை என்றும் ஒரு சாரார் கூறுவர் (மைத்துனர், தொலைபேசி வழி).

இத்துறையை அற்பம் என்று ஒதுக்குவோர் ஜார்ஜ் ஏகர்லாஃபின் கதையை அறிய வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளரான அவர் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அற்ப விஷயம் என்று இரண்டு ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. இது சரியென்றால் பொருளியலே வேறாகிவிடும் என்று சொல்லி மூன்றாவது இதழும் திருப்பியது. நான்காவது இதழ் 1970இல் வெளியிட்டது. 2001இல் நோபல் பரிசு வந்தது. வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. பயந்துபோன வாங்குபவன் எல்லா வண்டிக்கும் குறைத்தே கேட்பான். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரன் சந்தைக்கே வரமாட்டான். கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எந்தப் புரோக்கரும் பல்கலைக்கழகத்துக்குப் போனதில்லை.

பழைய கார்களை ஹேட்ச்பேக், செடான் என்று உருவத்தால் பிரிப்பது அயல்மரபு. தமிழ் மரபில் நிலமே முதற்பொருள். நிலமோ நம்பர் பிளேட்டிலேயே எழுதியிருக்கிறது. இவ்வளவு வெளிப்படையான சான்றை இதுவரை எந்தத் தமிழ்த்துறையும் கவனிக்காதது வியப்பே.

குறிஞ்சி: டிஎன் 43, நீலகிரி. உரிப்பொருள் புணர்தல், இங்கே புணர்வன கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும். கொண்டை ஊசி வளைவுகளில் அரைக் கிளட்சிலேயே ஏறிய வண்டியில் பிளேட் தேய்ந்திருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜின் உடனே அணைந்துவிட்டால் உறவு உறுதியானது. அணையாமல் உறுமிக்கொண்டே நின்றால் கிளட்ச் செட்டுக்குத் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டும் (மெக்கானிக், வண்டிக்கு அடியிலிருந்து, குரல் மட்டும்).

முல்லை: காத்திருத்தல். ஷெட்டில் கவர் போட்டுக் கிடந்த வண்டி, பேட்டரி மாற்றவும்.

நெய்தல்: டிஎன் 69, தூத்துக்குடி. இரங்கல். உப்புக் காற்றில் கதவின் அடிவிளிம்பு துருப்பிடித்திருக்கும்; அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து ஒரு காந்தத்தை உருவிக்கொண்டு போனால் போதும். தகட்டில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. இரங்குவது அதற்குப் பிறகு.

மருதம் நீர்வளம் மிக்க திணை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஆகிய இரண்டிலும் சென்னையின் வேளச்சேரி போன்ற பகுதிகளில் எத்தனையோ கார்கள் மூழ்கின. மருதத் தலைவன் வெளியில் செய்ததெல்லாம் செய்துவிட்டு, குளித்துச் சந்தனம் பூசி, ஒன்றுமே நடவாதவன் போல வாசலில் வந்து நிற்பான். வெள்ளத்தில் நின்ற காரும் ஷாம்பு வாஷும் ஏர் ஃப்ரெஷ்னருமாக அப்படியே வந்து நிற்கும். ஊட வேண்டியது வாங்குபவர் கடமை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கும். முன்சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கும். சந்தன வாசனை எவ்வளவு தூக்கலோ அவ்வளவுக்குச் சந்தேகம் தகும்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது; மற்ற நிலங்கள் திரிந்தே பாலையாகும். கம்பெனி போய்விட்டால் எந்த வண்டியும் பாலைதான். உரிப்பொருள் பிரிதல், அதிலும் பொருள்வயிற் பிரிவு. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்தியாவில் செவ்ரோலே விற்பனையை நிறுத்தியது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் பிறந்த ஃபிகோக்கள் பிறந்த ஊரிலேயே அனாதையாயின. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று தலைவன் சொல்லிவிட்டுத்தான் போனான். பாலைத் தலைவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். விலை மலிவாகக் கிடைக்கும். பம்பருக்குக் காத்திருக்க நெஞ்சுரம் வேண்டும்.

எஞ்சியவை இரண்டு. கைக்கிளை டீசல்மேல் வைக்கும் ஒருதலைக் காதல்: 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதிக்கேற்ப டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி வைத்தார்கள், பள்ளிக்கும் சந்தைக்குமாகக் குறுந்தூரமே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். பெருந்திணை, ஆல்டோ விலைக்கு நிற்கும் பழைய பென்ஸ்: வண்டிக்குத்தான் ஆல்டோ விலை, உதிரிபாகத்துக்கு இன்றும் பென்ஸ் விலை.

இனி இவ்வாய்வின் இதயப் பகுதி. அகத்திணையில் தலைவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதை இன்றுவரை பிசகாமல் காத்துவருபவர்கள் பழைய கார் புரோக்கர்கள் மட்டுமே. "டாக்டர் யூஸ் பண்ண வண்டி சார். வீட்டை விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டா வீடு" (புரோக்கர், முதல் சந்திப்பு). எந்த டாக்டர் என்று கேட்பது மரபுப் பிழை. ஏன் டாக்டர்? வக்கீல் வண்டி என்று யாரும் விற்பதில்லை. ஆசிரியர் வண்டி என்றால் விலை ஏறுவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்பவர் வண்டியையும் பார்த்துக்கொள்வார் என்பது இக்கொள்கையின் அடிப்படை. டாக்டருக்கு நேரமே இருக்காது, ஆயில் மாற்ற எப்போது போயிருப்பார் என்ற எதிர்வாதத்துக்கு இதுவரை யாரும் விடை கூறவில்லை.

டாக்டரிலும் படிநிலை உண்டு. டாக்டரைவிட லேடி டாக்டர் உயர்ந்தவர். ஹாரன்கூட அடிக்க மாட்டார். அவரைவிட உயர்ந்தவர் ரிட்டயர்டு லேடி டாக்டர் (அதே புரோக்கர், அட்வான்ஸ் பேச்சு எழுந்த பிறகு). உச்சியில் நிற்பவர், அமெரிக்காவில் பையன் உள்ள ரிட்டயர்டு லேடி டாக்டர். அவர் வண்டி ஏறக்குறைய ஓடவே இல்லை (அதே புரோக்கர், வாங்குபவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய நிலையில்). பல் டாக்டர் என்று ஒரு பாடபேதம் உண்டு, கால்நடை டாக்டர் என்று கொள்வாரும் உளர் (புரோக்கரின் உதவியாளர், புரோக்கர் டீ சொல்லப் போன இடைவெளியில், கேட்காமலே கூறியது, புரோக்கர் திரும்பியதும் இக்கருத்தைக் கைவிட்டார்). விற்பனைக்கு நிற்கும் டாக்டர் வண்டிகளை எல்லாம் கூட்டினால், தமிழகத்தின் ஒவ்வொரு டாக்டரும் அமாவாசைக்கு ஒரு கார் மாற்றினால் ஒழியக் கணக்கு நேராகாது.

புறச்சான்றுகள் இவ்வழகிய கொள்கைக்கு ஒத்துழைப்பதில்லை. ஆர்.சி.யில் ஓனர் வரிசை எண் 3 என்றிருக்கும். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டும். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். தன் கொள்கைக்குப் பொருந்தாத பாட்டை இடைச்செருகல் என்று ஒதுக்கும் உரிமை தமிழறிஞர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. பிரேக் பெடல் விஷயத்தில் அதே உரிமையைப் புரோக்கரும் கோருகிறார். டயர்தான் அடங்காது. அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஒரு வாரத்துக்குள் காலம் சொல்லும் இக்கல்வெட்டில் சண்டைக்கு இடமே இல்லை. பேராசிரியர் ஒருவரும் டயர்ப் பக்கம் திரும்பாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

எந்த வண்டியைத்தான் வாங்குவது என்று கேட்கும் அவசரக்காரர்களுக்கு: பெட்ரோல் ஆல்டோ, வேகன் ஆர், ஐ10. தெருமுனை மெக்கானிக்கின் கைக்குப் பழகியவை. பாகங்கள் சின்ன ஊரிலும் கிடைக்கும். இதைச் சொல்ல ஒரு வரி போதும் என்பதால் ஆய்வுக்கு உகந்த பொருள் அல்ல.

புறத்திணை, பேரமும் காகிதமும். மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியதுபோல, இங்கே காலிசெய்த டீ கிளாஸை மேசைமேல் வைக்கும் சத்தத்தில் பேரம் படியும். பிறகு ஆர்.சி.யில் பெயர் மாற்றப் படிவம் 29, படிவம் 30. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டி என்றால் எஃப்.சி. பார்த்து ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் பெயர் மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் மட்டும் பழைய ஓனரோடு போய்விடும்.

பெயர் மாற்றாமல் இழுத்தடித்தால் சிக்னல் கேமரா பிடிக்கும் அபராதமெல்லாம் பழைய ஓனரின் போனுக்கே போகும். அகத்திணைத் தலைவன் வாய் திறப்பது அப்போதுதான். "யோவ், சீட் பெல்ட் போடலைன்னு என் பேருக்கு மெசேஜ் வருது, எப்பய்யா ஆர்.சி. மாத்துவ?" என்று அவர் கத்துவார் (தலைவன், கைபேசி வழி, பின்னணியில் மாவு மில் ஓடும் இரைச்சலால் சில சொற்கள் சிதைந்துள்ளன).