அத்தைக்கு மீசை முளைத்தால்...

கே: ஆங்கிலத்தில் நிஜ நிபந்தனை, கற்பனை நிபந்தனை என்கிறார்களே, ஒரே மூச்சில் விளக்குங்கள்.

ப: 'மழை பெய்தால் குடை எடுப்பேன்', இது நிஜம். 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா', இது கற்பனை. முதலாவதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும்; இரண்டாவதற்கு அத்தையைப் பார்த்தாலே போதும்.

கே: 'இப்போது என்னிடம் கார் இருந்தால்' என்பதற்கு 'இஃப் ஐ ஹேட் எ கார்' என்கிறார்கள். இன்றைய பேச்சில் இறந்தகாலம் எதற்கு?

ப: அந்த 'ஹேட்' நேற்றைக்குப் போகவில்லை; உண்மையிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறது. 'கார் இல்லை' என்று பொருள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி இலக்கணம் தானாக மடியில் வந்து விழும்.

கே: தமிழில் இந்தத் தொல்லை இல்லையே?

ப: 'பெய்தால்' என்பதைப் பிரியுங்கள்: பெய் + த் + ஆல். நடுவில் உட்கார்ந்திருக்கும் 'த்' இறந்தகால இடைநிலை. அதுவும் இன்னும் பெய்யாத மழைக்கு! நம் 'ஆல்' நிஜத்துக்கும் கற்பனைக்கும் ஒரே சட்டைதான் போட்டுவிடும். மீசையை வைத்து நாம் ஆளைக் கண்டுபிடிப்போம். ஆங்கிலம் இரண்டுக்கும் தனித்தனி யூனிஃபார்ம் தைத்திருக்கிறது. நாம் தடுக்கி விழுவது அங்கேதான்.

கே: தொல்காப்பியருக்கு 'இஃப்' தெரியுமா?

ப: வினையெச்ச வாய்பாடுகளில் 'செயின்' என்று அதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். ஆங்கிலத்துக்கு வில்லியம் புல்லோகர் முதல் இலக்கண நூல் எழுதியது 1586-இல். இந்தப் பாடத்தில் நாம்தான் சீனியர், ஃபெயில் ஆகலாமா?

கே: 'இஃப் ஐ வாஸ் யூ', 'இஃப் ஐ வேர் யூ', எது சரி?

ப: பேச்சில் இரண்டும் ஓடும். தேர்வில் 'வேர்' எழுதுங்கள். அது பன்மை இல்லை. பழைய ஆங்கிலத்தில் கற்பனைக்கும் விருப்பத்துக்கும் இருந்த சப்ஜங்க்டிவ் என்ற வினைவடிவ மாளிகை இடிந்தபின் மிஞ்சிய தூண். நான் ஒருநாளும் நீங்களாக முடியாது என்பதற்கு அந்தத் தூண் சாட்சி.

கே: 'இஃப் ஐ வுட் கோ' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்.

ப: சுழித்தது சரி. 'இஃப்' குடியிருக்கும் வீட்டில் 'வுட்' நுழையாது, எதிர்வீடுதான் அதற்கு. 'இஃப் ஐ வென்ட், ஐ வுட் சீ ஹிம்.' பணிவாகக் கேட்கும்போது மட்டும் விலக்கு: 'இஃப் யூ வுட் வெயிட் எ மினிட்.' மரியாதை தெரிந்தவருக்கு எந்த வீட்டிலும் திண்ணை உண்டு.

கே: இன்டர்வியூவில் 'இஃப் ஐ காட் திஸ் ஜாப், ஐ வுட் ஒர்க் ஹார்ட்' என்றேன். தவறா?

ப: இலக்கணம் சரி, ராசி சரியில்லை. 'காட்' என்றதும் 'எனக்கெங்கே கிடைக்கப்போகிறது' என்று நீங்களே முன்மொழிந்துவிட்டீர்கள். 'இஃப் ஐ கெட்... ஐ வில்' என்று சொல்லிப் பாருங்கள். டை கட்டியும் வராத தெம்பு, வினைச்சொல்லில் வரும்.

கே: 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்', இது எந்த வகை?

ப: ரிசல்ட் வந்த மறுநாள் வகை. படிக்கவுமில்லை, பாஸாகவுமில்லை. தமிழில் 'படித்திருந்தால்'. நடுவில் 'இரு' சேர்ந்தாலே பெருமூச்சும் சேர்ந்துகொள்ளும்.

கே: வரலாற்றில் மிகச் சுருக்கமான நிபந்தனை வாக்கியம்?

ப: 'உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் தரைமட்டமாக்குவேன்' என்று மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் ஸ்பார்ட்டாவுக்கு ஓலை அனுப்பினாராம். திரும்பி வந்த பதில் ஒரே சொல்: 'நுழைந்தால்.' புளூட்டார்க் எழுதிவைத்த கதை. மன்னர் அனுப்பியது நிஜ நிபந்தனை. ஸ்பார்ட்டா அதை மீசை முளைத்த அத்தையாக்கித் திருப்பி அனுப்பியது.

கே: கிப்ளிங்கின் 'இஃப்' கவிதை நிஜமா, கற்பனையா?

ப: 1910-இல் வெளியானது. 32 வரியும் சேர்ந்து ஒரே வாக்கியம்; எல்லாமே நிஜ நிபந்தனை. கடைசி வரியில்தான் மகனை அழைக்கிறார். எல்லாவற்றையும் 'குட்', 'வுட்' என்று எழுதியிருந்தால், அது மகனைக் கைகழுவிய அப்பாவின் கவிதை. 'கேன்', 'வில்' என்று எழுதினார். பிள்ளை மேல் நம்பிக்கை வைத்த அப்பா. உங்கள் பிள்ளையிடம் பேசும்போதும் அப்படியே பேசுங்கள்.