பந்து எது, பஞ்சு எது?

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து வந்தது. இன்று அதே சேலத்தில் நாலாயிரம் ரூபாய் புரொஜெக்டர்கள் எந்தப் படத்தையும் மஞ்சளாக்கிவிடுகின்றன. உள்ளே இருப்பது ஒரு எல்ஈடி விளக்கு, கட்டைவிரல் அளவு விசிறி, கூடவே சித்திரை வெயில். எல்சிடி பேனலை ஒட்டிய போலரைசர் படலம் அப்பளமாய்ப் பொரிந்தால் திரையில் மஞ்சள் கறை விழாமல் என்ன செய்யும்?

அட்டையில் '1080பி' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் எறும்பெழுத்தில் 'சப்போர்ட்'. அந்த அளவுப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். பேனல் பல பெட்டிகளில் 800க்கு 480தான்.

படம் கோணினால் அடியில் செங்கல்லை வைத்துவிட்டுக் கோணல் திருத்தும் கீஸ்டோனைத் திருகுவார்கள். கோணல் போய் ஓரம் மங்கும். சுவருக்கு நேரெதிரே வைத்தால் தீர்ந்தது. அங்கே பீரோ நிற்கிறது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் கதையே வேறு. விசைத்தறிப் பஞ்சை விசிறி உள்ளே இழுத்துப் பேனல்மேல் உட்கார வைக்கும். வீட்டுக்காரர் வேட்டி நுனியால் வெளிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போடும்போது வெள்ளைப் பந்து எது, திரையில் விழும் பஞ்சுப் புள்ளி எது என்று வீடே பட்டிமன்றம் நடத்தும்.

"ஏனுங்ண்ணா, சரியாகுமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்பார்.

"கழட்டி ஊதித் தர்றனுங்க. தறி ஓடாத நாளாப் பாத்து மேட்ச் பாருங்க."