பேர் மட்டும் மாறினால் போதுமா?

கேள்வி: ‘டிஜிட்டல் பாரத் நிதி’ பழைய கிராமத் தொலைபேசி நிதிக்குப் புதுப்பெயர்தானே?

பதில்: பெயர் மட்டும் மாறியிருந்தால் போர்டு எழுதுபவருக்குத்தான் லாபம்! பழைய நிதி கிராமங்களுக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் உரியது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் நகரத்தில் சேவை எட்டாத இடங்களையும் சேர்த்துவிட்டது. 2024 ஆகஸ்டில் வந்த விதிகள் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், நலிந்த பிரிவினரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. நல்ல மாற்றம்.

பணம்? தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம். அதாவது நம் ரீசார்ஜ் காசு. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கி.மீ. கேபிள் போடக் காசு கொடுத்தது, பழைய பெயரில் இருந்த இந்த நிதிதான். ஆனால், திரண்டதில் பெருந்தொகை ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்ததே, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தமானுக்கே போன காசு, கூவம் கரையில் படிக்கும் பிள்ளையின் போனுக்கு எப்போது வரும்? இதை உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.